‘உங்க சிஸ்டம் பழசுங்க’ என்று சொல்வதற்கு முன்

ராயக்கோட்டை வட்டாரத்தில் வீடு வீடாக ஃபைபர் இணைப்பு கொடுக்கும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கு,

கெலமங்கலம் சாலை, கிருஷ்ணகிரி சாலை, பாலக்கோடு சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் கம்பத்துக்குக் கம்பம் கறுப்பு வயர்ச் சுருள் தொங்குகிறது. ஏணி போட்டு ஏறி அதை வீட்டுக்குள் இறக்குகிறவர்கள் நீங்கள். வெயிலில் நின்று ஃபைபரை ஒட்டுகிறீர்கள், ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தாலும் எடுக்கிறீர்கள். உங்கள் உழைப்பில் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் குறையெல்லாம் நீங்கள் சொல்லிவிட்டுப் போகிற ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்தான். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது. உங்கள் கைபேசியில் ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுகிறீர்கள். வீட்டுக்காரர் மூலையில் இருக்கும் கணினியைக் காட்டி, “இதுல வரலீங்களே தம்பி” என்கிறார். “உங்க சிஸ்டம் பழசுங்கண்ணா, புதுசு வாங்கிக்குங்க” என்று சொல்லிவிட்டு நீங்கள் பையைக் கட்டுகிறீர்கள்.

மறுநாள் அந்தக் கணினி என் கடை மேசைக்கு வருகிறது. வந்தவற்றில் பெரும்பாலானவை கால்மணி நேரத்தில் சரியாகி வீட்டுக்குத் திரும்பிப் போகின்றன. கார்டு நன்றாக இருக்கிறது, ரவுட்டரும் நன்றாக இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் ஒரு செட்டிங்தான் ஒத்துப்போகவில்லை. தக்காளி விலை விழுந்து கிடக்கிற மாதத்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்துப் புது மடிக்கணினி வாங்கச் சொல்வது சின்ன வார்த்தை இல்லை, தம்பி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்து வீடுகளில் பழைய கணினி என்றால் பெரும்பாலும் இரண்டு ஜாதி. ஒன்று அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எல்காட் வாங்கிக் கொடுத்தது. உங்களில் பலரும் பள்ளியில் வரிசையில் நின்று வாங்கியிருப்பீர்கள். அக்கா படித்து முடித்து ஓசூரில் வேலைக்குப் போயிருப்பாள். அவள் மடிக்கணினி தம்பிக்கு வந்து, இப்போது வீட்டில் யாரோ டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்ப்பதற்கு உதவிக்கொண்டிருக்கும். பேட்டரி செத்திருக்கும், சார்ஜரோடு மட்டும் ஓடும், ஆனால் ஓடும். இன்னொன்று கம்பெனி கழித்த டெஸ்க்டாப். ஓசூர் சிப்காட்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாக மாற்றும். கழித்ததெல்லாம் பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைகளில் தூசி துடைத்து அடுக்கப்பட்டு, அங்கிருந்து ராயக்கோட்டைக்கு வரும். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி காம்பேக், லெனோவோ திங்க்சென்டர், எல்லாம் கல் மாதிரியான பெட்டிகள்.

முதலில் மடிக்கணினி. அந்தக் காலத்து விலை குறைந்த மாடல்களின் வைஃபை கார்டு பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்தது. நீங்கள் மாட்டுகிற ரவுட்டரோ 2.4, 5 என்று இரண்டிலும் பேசும். வேகம் வேண்டும் என்று சிலர் 2.4-ஐ அணைத்தே விடுகிறீர்கள். அணைத்தால் அந்த மடிக்கணினிக்கு உங்கள் இணைப்பு இல்லவே இல்லை. இது எளிது, பார்த்ததும் தெரிந்துவிடும்.

பார்த்தாலும் தெரியாதது சேனல் சங்கதி. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ‘நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல’ என்று வரும் புகார்களில் பாதி இதில் அடங்கும். 2.4-ல் நம் நாட்டில் 1 முதல் 13 வரை சேனல் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் வழக்கம் 11 வரைதான். பழைய கார்டுகள் பல அந்த அமெரிக்கக் கணக்கிலேயே பூட்டப்பட்டு வந்தவை. அவற்றுக்கு 12, 13 கண்ணில் படாது. ரவுட்டரில் சேனலை ‘ஆட்டோ’வில் விட்டால் என்ன ஆகும்? மின்சாரம் போய் வரும்போதெல்லாம் அது அக்கம்பக்கத்து நெரிசலைப் பார்த்துக் காலியாக இருக்கிற சேனலுக்குத் தாவும். 6-ல் உட்கார்ந்தால் மடிக்கணினிக்குத் தெரியும். 13-ல் உட்கார்ந்தால் ரவுட்டரின் பெயரே பட்டியலில் வராது. அதே மேசையில் கிடக்கிற கைபேசியில் நாலு கோடும் முழுசாக நிற்கும். வீட்டுக்காரர் என்ன நினைப்பார்? கணினிதான் கெட்டுப்போச்சு என்பார். நீங்களும் ஆமாம் என்பீர்கள். ரவுட்டர் பக்கத்துக்குள் போய் 2.4-க்கான சேனலை 1, 6, 11 மூன்றில் ஒன்றாகக் கையால் வைத்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கிவிட்டால் முடிந்தது. அந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள். ஒரே தெருவில் பத்து ரவுட்டர் இருக்கிற இடத்தில் உங்களுக்கும் அதுதான் நல்லது.

பெயர் தெரிகிறது, ஆனால் சேர மாட்டேன் என்கிறது, சரியான பாஸ்வேர்டு போட்டாலும் தப்பு என்கிறது. அப்படியானால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 வந்தது 2018-ல். 2012 மடிக்கணினியின் கார்டுக்கு அது தெரிய நியாயமில்லை. ரவுட்டரில் டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைத்தால் சேர்ந்துவிடும். இரண்டும் கலந்த முறையிலும் சில பழைய கார்டுகள் தடுமாறும். வீட்டில் புதுக் கைபேசிகள் இருக்கின்றன, அவற்றுக்கு டபிள்யூபிஏ3 இருக்கட்டும் என்று நினைத்தால், உங்கள் ரவுட்டர் இடம் கொடுக்கும்பட்சத்தில் 2.4-ல் தனியாக ஒரு கெஸ்ட் நெட்வொர்க் திறந்து அதற்கு மட்டும் டபிள்யூபிஏ2 வையுங்கள். பழசும் புதுசும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. சில இன்டெல் கார்டுகளுக்கு இன்னொரு வியாதி உண்டு. டிரைவர் பழசாக இருந்தால் வைஃபை 6-ல் ஓடும் ரவுட்டரின் பெயரைப் பார்க்கவே பார்க்காது. டிரைவரைப் புதுப்பித்தால் சரி. அதற்கு நேரமில்லை என்றால் 2.4-ல் மட்டும் அந்த வைஃபை 6, அதாவது ‘ஏஎக்ஸ்’ முறையை அணைத்துவிட்டு எழுந்திருங்கள்.

இதெல்லாம் பார்ப்பதற்கு முன் மடிக்கணினியின் முன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் வைஃபைக்கென்றே ஒரு சின்னத் தள்ளு சுவிட்ச் இருக்கும். இல்லையென்றால் எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்துகிற ஆண்டெனாப் படம். குழந்தைகள் அதை அழுத்தி வைத்திருப்பார்கள். நான் சொல்வது சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்காகவே பஸ் ஏறி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இனி கம்பெனி டெஸ்க்டாப். இது வேறு கதை. இதில் வைஃபையே இருக்காது, லேன் போர்ட் மட்டும்தான். கார்டு நல்ல கார்டாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், பெட்டி கம்பெனியை விட்டு வந்திருக்கும், கம்பெனி பெட்டியை விட்டுப் போயிருக்காது. முறையாகக் கழிக்கிற இடங்களில் ஹார்டு டிஸ்கைத் துடைத்துவிடுவார்கள். நடுவில் கைமாறுகிற சரக்கு அப்படியே வந்துவிடும்.

அதில் மிச்சம் கிடப்பவற்றில் முதலாவது, கையால் எழுதிவைத்த ஐபி முகவரி. உதாரணமாக 192.168.1.10 என்றும், கேட்வே 192.168.1.1 என்றும் யாரோ போட்டிருப்பார்கள். ஜியோ ரவுட்டர் உட்கார்ந்திருப்பதோ 192.168.29.1-ல். வயர் சரி, விளக்கு எரிகிறது, ஆனால் கணினி ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். கார்டின் பண்புகளில் ஐபிவி4-ஐத் திறந்து, முகவரியையும் டிஎன்எஸ்ஸையும் தானாக வாங்கிக்கொள்ளும்படி மாற்றினால் உடனே உயிர் வந்துவிடும். கம்பெனிப் பெட்டியில் மட்டும் இதைத் தேடாதீர்கள். 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் தொடங்கியபோது இணைப்பு வாங்கிய வீடுகளில், அன்று வந்த ஆள் போட்டுவைத்த எண்கள் இன்னும் உட்கார்ந்திருக்கும். மோடத்தில் 0, 35 என்று எண் போட்டு, கணினியில் டயலர் உருவாக்கி, யூசர்நேம் பாஸ்வேர்டு அடித்து உள்ளே போன காலம் அது. அந்த டயலர் இன்னமும் கணினி திறந்ததும் எழுந்து வந்து ‘எர்ரர் 651’ என்று அழும். ஃபைபரில் அந்த வேலையை உங்கள் ரவுட்டரே பார்த்துவிடுகிறது, கணினி எதையும் டயல் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வீட்டுப் பெரியவருக்கு அந்த ஜன்னலில் ‘கனெக்ட்’ அழுத்தினால்தான் நெட் என்று பதிந்துபோயிருக்கும். அதை அழித்துவிட்டு, ஏன் அழித்தீர்கள் என்று அவருக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

இரண்டாவது மிச்சம் ப்ராக்ஸி. பிங் போகிறது, பிரவுசர் மட்டும் ப்ராக்ஸி சர்வர் பதில் சொல்லவில்லை என்கிறது. அந்த சர்வர் ஏதோ ஒரு அலுவலகத்துக்குள் இருந்தது. இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் லேன் செட்டிங்ஸ் போய் அந்தக் குறியை எடுத்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தமான குற்றவாளி. இணைப்பு இருக்கிறது, பிங் அழகாகப் போகிறது, ஆனால் வீடியோ நகராது, ஃபைல் இறங்காது. ஸ்பீடு டெஸ்டில் நூறு வர வேண்டிய இடத்தில் ஒன்றும் ரெண்டும் தள்ளாடும். நீங்களும் வெளியே போய் ஃபைபரைத் திரும்பத் திரும்ப ஒட்டுவீர்கள். ஃபைபரில் எதுவும் இருக்காது. டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டைத் திறந்து, அட்வான்ஸ்டு பக்கத்தில் ‘ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். பழைய கம்பெனிகளில் அதை ‘100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ்’ என்று நிலையாக வைக்கும் பழக்கம் இருந்தது. ஒரு முனை இப்படி அடித்து வைத்திருந்து, மறுமுனையான உங்கள் ரவுட்டர் ‘ஆட்டோ’வில் இருந்தால், ரவுட்டரால் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியும், ஃபுல்லா ஹாஃபா என்பதைக் கண்டுபிடிக்க முடியாது. விதிப்படி அது ஹாஃப் என்று வைத்துக்கொள்ளும். ஒருவர் இருவழிச் சாலை என்று ஓட்டிக்கொண்டு வர, எதிரில் ஒருவர் ஒருவழிப் பாலம் என்று நின்று நின்று வந்தால் என்ன ஆகுமோ அதுதான் அந்த வயருக்குள் நடக்கிறது. ‘ஆட்டோ நெகோஷியேஷன்’ என்று மாற்றுங்கள், மின்னலாகப் போகும்.

வயரைப் பற்றியும் ஒன்று. நூறு எம்பிபிஎஸ் ஓட எட்டுக் கம்பியில் நாலுதான் வேலை செய்யும். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, அதாவது 1, 2, 3, 6 பின்கள். ஜிகாபிட் ஓட எட்டும் வேண்டும். பழைய நூறு கார்டோடு வருஷக்கணக்கில் ஒழுங்காக ஓடிய வயரில், புது ரவுட்டரையும் ஜிகாபிட் போர்ட் உள்ள டெஸ்க்டாப்பையும் மாட்டினால் திடீரென்று இணைப்பு வந்து வந்து போகும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி என்றைக்கோ அறுந்திருக்கும், இத்தனை நாள் அதைக் கேட்க ஆளில்லை. இரண்டு முனையும் ‘ஜிகாபிட்டில் பேசலாம்’ என்று ஒப்புக்கொண்டு பிறகு பேச முடியாமல் விழும். பின்னை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் பண்ணுங்கள். வயர் முழுக்கச் செம்பாக இல்லாமல் செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் இரண்டு மடிப்பில் மறுபடி முறியும். சுருள் வாங்கும்போதே முனையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஐபிகான்ஃபிக் போட்டால் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறதா? கணினி ரவுட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராமல் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர் அது. சரியான முகவரி வந்திருந்தால் கேட்வேயைப் பிங் பண்ணிப் பாருங்கள், பிறகு 8.8.8.8, பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எந்தப் படியில் நின்றுபோகிறதோ அங்கே பழுது. கேட்வே வரை வந்து அதற்கு மேல் போகவில்லை என்றால் அது உங்கள் பக்கம், 8.8.8.8 வரை போய்ப் பெயருக்கு மட்டும் நின்றால் டிஎன்எஸ். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இதைச் செய்து காட்டினால் வாக்குவாதத்துக்கே இடமில்லை.

மாடி அறைக்கு எட்டவில்லை என்று அவர்களே ஓசூரில் இரண்டாவது ரவுட்டர் வாங்கி வந்து மாட்டுவது இப்போது சகஜம். முதல் ரவுட்டரும் 192.168.1.1, இரண்டாவதும் 192.168.1.1, இரண்டும் முகவரி கொடுக்கும். வீடே குழம்பும். இரண்டாவதற்கு 192.168.1.2 கொடுத்து, அதில் டிஹெச்சிபியை அணைத்து, வயரை வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். உங்கள் கம்பெனி வேலை இல்லைதான். ஆனால் புகார் உங்களுக்குத்தானே வருகிறது?

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறி நின்றால் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். விண்டோஸை யாரோ புதிதாகப் போட்டு டிரைவர் போடாமல் விட்டிருப்பார்கள். ஹார்டுவேர் ஐடியில் ‘வென்’ என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எழுத்தைப் பாருங்கள். 8086 என்றால் இன்டெல், 10ஈசி என்றால் ரியல்டெக், 14ஈ4 பிராட்காம், 168சி அதெராஸ். அதற்குரிய டிரைவரைக் கைபேசியில் இறக்கி யுஎஸ்பி வயரில் கணினிக்கு மாற்றலாம். அதைவிடச் சுலபம், கைபேசியில் யுஎஸ்பி டெதரிங் போட்டுக் கணினிக்கு நெட் கொடுத்து விண்டோஸையே தேடிக்கொள்ளச் சொல்வது. கார்டே பட்டியலில் இல்லை, போர்ட்டில் விளக்கும் இல்லை என்றால், மின்வயரைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பிறகு மாட்டிப் பாருங்கள். தூங்கிப்போன லேன் சிப் பலமுறை இதில் எழுந்திருக்கிறது. எழாவிட்டால் பயோஸுக்குள் போய் ‘ஆன்போர்டு லேன்’ அணைந்திருக்கிறதா என்று ஒரு பார்வை.

பயோஸுக்குப் போனால் தேதியையும் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 செல் தீர்ந்திருந்தால் கணினி ஒவ்வொரு முறையும் 2009-லோ 2010-லோ விழித்தெழும். அந்தத் தேதிக்கு எந்தத் தளத்தின் சான்றிதழும் செல்லாது. ‘உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சிவப்பாக வரும். வங்கித் தளம் திறக்காது, கூகுள் திறக்காது. இதைப் பார்த்து நெட் பழுது என்று உங்களைக் கூப்பிடுவார்கள். பெட்டிக்கடையில் கிடைக்கிற ஒரு செல்லின் விலைதான் செலவு.

சித்திரை, வைகாசியில் இங்கே இடி எப்படி இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செம்புத் தொலைபேசி வயர் இருந்த காலத்தில் மின்னல் அதன் வழியே மோடத்துக்கும், மோடத்திலிருந்து லேன் கார்டுக்கும் வரும். கண்ணாடி இழையில் அது வராது. ஆனால் அடாப்டர் வழியாக வரும், மொட்டை மாடி மேல் இரண்டு வீட்டுக்கு இடையே இழுத்த நீள லேன் வயர் வழியாகவும் வரும். போர்ட் உண்மையிலேயே எரிந்துபோன கணினிகளும் என்னிடம் வருவதுண்டு. அப்போதும் புதுக் கணினி தேவையில்லை. டெஸ்க்டாப்பானால் எஸ்.பி. ரோட்டில் கழற்றிய பிசிஐ கார்டு ஒன்று, மடிக்கணினியானால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் ஒன்று. மடிக்கணினியின் உள் கார்டை மாற்றலாம் என்று இறங்குவதற்கு முன் விசாரியுங்கள். பழைய லெனோவோ, ஹெச்பி மாடல்கள் சிலவற்றின் பயோஸ், தன் பட்டியலில் இல்லாத கார்டைப் பார்த்தால் கணினியைத் திறக்கவே விடாது.

தயவுசெய்து இன்னொன்று. ரவுட்டரின் யூசர்நேம், பாஸ்வேர்டு, சேனல், உள்முகவரி, இவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிட்டுப் போங்கள். நெட் வரவில்லை என்றதும் ஊசியை எடுத்து ரீசெட் துளையில் குத்துகிற வீடுகள் ஏராளம். குத்தினால் நீங்கள் போட்ட எல்லாமே அழியும், அன்றைக்கு நீங்கள் ஊரில் இல்லையென்றால் அந்த வீடு இருட்டு. அட்மின் பாஸ்வேர்டை ‘அட்மின்’ என்றே விடாதீர்கள், மாற்றியதை வீட்டுக்காரரிடம் மறைக்கவும் மறைக்காதீர்கள். காசு கொடுத்து இணைப்பு வாங்கியவர் அவர்.

பழசு என்பது சில சமயம் உண்மையும்கூட, அதையும் ஒப்புக்கொள்கிறேன். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-லேயே பாதுகாப்பை நிறுத்திவிட்டது. 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-ம் அந்த வரிசையில் சேர்ந்தது. குரோம் பிரவுசர் விண்டோஸ் 7-ல் 109-ஆம் பதிப்போடு நின்றது. அப்படிப்பட்ட கணினியில் வங்கி வேலை பார்க்க வேண்டாம் என்று நானே சொல்லி அனுப்புகிறேன். ஆனால் அது மென்பொருளின் வயசு, பெட்டியின் வயசு இல்லை. இரண்டு ஜிபி ராம் உள்ள மடிக்கணினியிலும் லினக்ஸ் மின்ட் மெதுவாகவேனும் ஓடும், நாலு ஜிபி ஆக்கினால் நன்றாகவே ஓடும். ரியல்டெக் லேன் கார்டு பெரும்பாலும் அதில் டிரைவர் தேடாமலே வேலை செய்யும். பிராட்காம் வைஃபைக்கு மட்டும் கொஞ்சம் கெஞ்ச வேண்டும்.

நீங்கள் பையில் வைத்துக்கொள்ள வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு யுஎஸ்பி டாங்கிள், இரண்டு மீட்டர் நல்ல லேன் வயர், டிரைவர்கள் அடங்கிய ஒரு பென் டிரைவ். டிரைவர்களை நான் பிரித்து வைத்திருக்கிறேன், பென் டிரைவ் கொண்டுவந்தால் காசு வாங்காமல் காப்பி செய்து தருகிறேன். திங்கட்கிழமை மட்டும் வர வேண்டாம், அன்றைக்குச் சரக்கெடுக்க எஸ்.பி. ரோடு போயிருப்பேன்.

இப்படிக்கு,
ராயக்கோட்டையில் கணினி சர்வீஸ் பார்க்கும் உங்கள் அண்ணன்